வாசித்ததற்கு ஒரு வழக்கு, வாசிக்காததற்கு ஒரு வழக்கு

அனுப்புநர்
ஒதீலியா அரிஸ்பே,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
'லோஸ் வெசீனோஸ் தெ கெல்னர்' இசைக்குழுவின் அக்கார்டியன் வாசிப்பாளர்,
வடக்கு எல்ம் தெரு, கெல்னர், நெப்ராஸ்கா.

பெறுநர்
மாண்புமிகு மேயர் திரு. லாயல் க்ரூகர் அவர்கள்,
நகர மன்றக் கட்டடம், கெல்னர்.

பொருள்: என் தங்கையின் கணவர் திரு. எவரார்தோ புயென்தெஸை நகரக் காவல் துறையினர் குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்ததற்கு விளக்கம் கேட்டும், எங்கள் இசைக்குழு மீதான வழக்கைத் திரும்பப் பெறக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கேனும் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்தருளவும். உண்மை எங்கேயும் குறைந்திருக்காது.

1. நான் இந்த ஊர் மருத்துவமனையில் பிறந்தவள். என் பெற்றோர் மெக்ஸிகோவின் நுவேவோ லெயோனிலிருந்து சர்க்கரைக் கிழங்கு வயல் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். என் தங்கை ரெய்னாவும் இங்கே பிறந்தவள்தான். அவள் கணவர் எவரார்தோ பத்தொன்பது வயதில் எல்லை தாண்டி வந்தவர். வந்ததிலிருந்து நம் ஊர் மாட்டிறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கும் பிரிவில் வேலை. அவரிடம் குடியேற்றத் தாள்கள் இல்லை. இதை நான் மறைக்கவில்லை. வழக்கறிஞர் வைத்து முறையான வழி தேடிக்கொண்டிருந்தோம். வழிதான் திறக்கவில்லை.

2. எங்கள் குழுவில் நான்கு பேர். நான் அக்கார்டியன், ரெய்னா பாட்டு, ஆலைத் தொழிலாளி எலிசேயோ தாளம். எவரார்தோ வாசிப்பது பஹோ செக்ஸ்தோ என்னும் பன்னிரண்டு கம்பிக் கிடார். குழுவின் பெயருக்கு 'கெல்னர் அக்கம்பக்கத்தார்' என்று பொருள். அந்தப் பெயரை வைத்தவரும் அவரே.

3. கடந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய குழந்தை ஹசிந்தாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஆலயத்திலிருந்து திரும்பி, தங்கை வீட்டுப் பின்முற்றத்தில் விருந்து. மதியச் சாப்பாடு முடிந்ததும் வாசிக்க ஆரம்பித்தோம். நல்ல வெயில். பெரியவர்கள் புல்தரையில் ஆடினார்கள். அப்போது பக்கத்து வீட்டுத் திரு. ஆர்வில் டீட்ஸ் காவல் துறைக்குத் தொலைபேசியில் புகார் செய்தார்: "மெக்ஸிகோக்காரங்க பாட்டு, காது கிழியுது."

ஐயா, அப்போது நாங்கள் வாசித்தது ஒரு போல்கா. ஜெர்மானியரும் செக் நாட்டவரும் டெக்சஸ் பண்ணைகளில் குடியேறியபோது கொண்டுவந்த ஆட்டம் அது. பக்கத்து வயலில் வேலை செய்த எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுப் பழகி, அந்த அக்கார்டியனையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் பிரதான சாலையை அடைத்து நம் நகரம் நடத்தும் ஜெர்மன் பீர் விழாவில் இதே போல்கா நாள் முழுக்க ஒலிக்கிறது. முந்தைய ஆண்டு அங்கே வாசிப்பவர் காய்ச்சலில் படுத்துவிட, விழாக் குழுவினர் என்னை அழைத்துப் பச்சைத் தொப்பி மாட்டிவிட்டார்கள். அன்று என் எதிரிலேயே ஆடிய திரு. டீட்ஸ் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இதாம்மா உண்மையான சங்கீதம். எங்க தாத்தா வாசிச்சது அப்படியே இருக்கு." அதே பாட்டு, அதே அக்கார்டியன், அதே விரல்கள். தொப்பி மட்டும் வேறு.

4. புகாரின் பேரில் வந்தவர் சார்ஜென்ட் ட்ராய் ஹாஸ். பின்முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "இங்க யாரு பொறுப்பு?" என்றார். எவரார்தோ வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனார். "நான்தான் சார். சத்தம் ஜாஸ்தியா இருக்கா? இதோ கொறச்சிடறோம்" என்றார். எலிசேயோ உடனே ஒலிபெருக்கியை அணைத்தும் விட்டார். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

சார்ஜென்ட், "இந்தக் கூத்தெல்லாம் உங்க ஊர்ல போய் வச்சுக்குங்க" என்றார்.

"சார், இதுதான் எங்க ஊர்" என்றேன் நான்.

"உன்கிட்ட யாரும் பேசல" என்றார். அவர் அயோவா மாநிலத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

அத்தனை விருந்தினரில் எவரார்தோ ஒருவரிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம் இழுவையாக இருக்கும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அட்டை இல்லை என்றதும் கைகளைப் பின்னால் கட்டச் சொன்னார். ரெய்னா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். "எங்க சார் கூட்டிட்டுப் போறீங்க? சத்தத்துக்கு யாராவது விலங்கு போடுவாங்களா? இன்னைக்கு எங்க கொழந்தைக்கு ஞானஸ்நானம் சார்." அவளை விலகச் சொன்னார் சார்ஜென்ட்.

எவரார்தோ என்னைத் திரும்பிப் பார்த்து ஸ்பானிஷில் சொன்னார்: "மதினி, பாட்ட நிறுத்திடாதீங்க. பிள்ளைங்க பயந்துடும்." எனவே நான் வாசித்தேன். ஒலிபெருக்கி இல்லாமல், காவல் வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசித்தேன். எச்சரித்த பிறகும் சத்தம் எழுப்பியதாக என் மீது தனியாக ஒரு வழக்கு பதிவாகியிருக்கிறது.

5. சத்தப் புகாருக்கு இந்த ஊரில் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவதே வழக்கம். அதற்காக ஒருவரை வண்டியில் ஏற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மறுநாள் காலை ரெய்னா காவல் நிலையம் போனபோது மேசையில் இருந்தவர், "அவரு இங்க இல்லையே. ஃபெடரல் குடியேற்றத் துறை ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

"அவங்களை யாரு கூப்பிட்டது?"

"அது எங்களுக்குத் தெரியாதும்மா."

கூப்பிட்டது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சரியான கதவுக்கு, சரியான ஆளைத் தேடி அவர்கள் வந்தார்கள்.

6. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தேவாலய மண்டபத்தில் தாங்கள் எங்களுக்குச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். "நம்ம போலீஸ் நம்ம வேலையத்தான் பாக்கும். குடியேற்றத் துறை வேலைய அவங்க பாத்துக்கட்டும். யாரும் பயப்பட வேண்டாம்" என்றீர்கள். பின்வரிசையில் ஆங்கிலம் புரியாமல் அமர்ந்திருந்தவர்களுக்கு அதை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னவர் எவரார்தோ. முதலில் கைதட்டியவரும் அவரே. கூட்டம் முடிந்ததும் அவர் எப்போதும் போடும் அகல விளிம்புத் தொப்பியை வாங்கித் தங்கள் தலையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டீர்கள். தேர்தலின்போது அந்தப் படம் வீட்டுக்கு வீடு வந்தது. தொப்பிக்காரரின் பெயர் அதில் இல்லை.

7. ஜூன் மாதத்தில் நகரப் பண்பாட்டுப் பிரிவின் அலுவலர் திருமதி கேரல் ப்ரெஸ்காட் எனக்குத் தொலைபேசி செய்தார். ஜூலையில் நடக்கும் 'எல்லோரும் நம்மவர்' விழாவில் வழக்கம்போல நாங்கள் வாசிக்க வேண்டுமாம். எவரார்தோ அப்போது வேறு மாநிலத்துத் தடுப்புக் காவலில் இருந்தார். அதைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"ரொம்ப வருத்தமா இருக்கு ஒதீலியா, நிஜமா. ஆனா போஸ்டர் அச்சாயிடுச்சு, அதுல நீங்க நாலு பேரும் இருக்கீங்க. அந்தக் கிடார்காரருக்குப் பதிலா வேற யாரையாவது நிக்க வைக்க முடியுமா? அதே மாதிரி தொப்பி போட்டுட்டா தூரத்துல இருந்து தெரியாது."

திருமதி ப்ரெஸ்காட் கெட்ட மனம் கொண்டவர் அல்லர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். தொப்பி இருந்தால் போதும், அதற்குள் எந்தத் தலை இருந்தாலும் சரி என்பதை ஒரு நல்ல மனுஷி எவ்வளவு இயல்பாகச் சொல்கிறார் பாருங்கள். நகர நூலகச் சுவரில், பேருந்து நிறுத்தத்தில், காவல் நிலைய வாசலில்கூட எவரார்தோ சிரித்துக்கொண்டிருந்தார். போஸ்டர் ஒட்டிய அந்த வாரம்தான் அவரை எல்லைப் பாலத்தின் மறுபக்கம், மெக்ஸிகோவில் கொண்டுபோய் விட்டார்கள்.

8. விழாவுக்குப் போனோம். மேடை ஏறினோம். "நம்ம ஊர்ப் பெருமை!" என்று அறிவித்தார்கள், கூட்டம் கைதட்டியது. அவரவர் இடத்தில் நின்றோம். எவரார்தோவின் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை. வாசிக்கவும் இல்லை.

ஒலி அமைப்பாளர் கம்பிகளைச் சோதித்துக்கொண்டு ஓடினார். "மைக்கு போயிடுச்சா?" என்றது ஒரு குரல். "வாசிக்க வந்தீங்களா, போட்டோவுக்கு நிக்க வந்தீங்களா?" என்றது இன்னொன்று. பின்னால் நின்ற ஆலைத் தொழிலாளர்களுக்கு முதலில் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். முன்வரிசையில் எனக்கு அறிமுகமில்லாத ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி போஸ்டரையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாலாவது ஆள் எங்கம்மா?" என்று கேட்டார். ரெய்னா ஒலிவாங்கியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "என் புருஷனை மே மாசம் உங்க போலீஸ் பிடிச்சுக் குடுத்திருச்சு." அதற்குமேல் அவளும் பேசவில்லை.

தாங்களும் அந்த முன்வரிசையில்தான் இருந்தீர்கள், ஐயா. தங்கள் கைப்பேசியில் அவ்வளவு அவசரமாக என்ன செய்தி வந்ததோ அறியேன். தலை நிமிரவே இல்லை.

சார்ஜென்ட் ஹாஸ் மேடைக்கு வந்தார். "வாசிங்க, இல்லேன்னா எறங்குங்க" என்றார். எலிசேயோ தாளக் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு மிகப் பணிவாகச் சொன்னார்: "சத்தம் போட்டாத்தானே சார் தப்பு? நாங்க பேசாமத்தான இருக்கோம்." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சார்ஜென்டின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடியும்வரை நின்றுவிட்டு நாங்களாகவே இறங்கினோம். கீழே காத்திருந்து மூவர் மீதும் வழக்குப் போட்டார்கள். குற்றம்: பொது அமைதியைக் குலைத்தது.

ஒரு சொல்லும் ஒரு சுரமும் இல்லாமல் நின்ற மூன்று பேர் எந்த அமைதியை எப்படிக் குலைத்தார்கள் என்பதை நீதிமன்றத்தில் காவல் துறை விளக்கும்போது கேட்க ஆவலாக இருக்கிறேன்.

9. எவரார்தோ இப்போது மோன்டெர்ரே அருகே சித்தி மகன் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் பேசும்போது சிரிக்கத்தான் பார்க்கிறார். "இங்க என்னைய கிரிங்கோன்னு, அமெரிக்காக்காரன்னு கூப்பிடறாங்க மதினி. என் ஸ்பானிஷ்ல அமெரிக்க வாடை அடிக்குதாம். கடைக்காரன் என்னைப் பாத்து, 'லீவுக்கு வந்தீங்களா? எப்ப ஊருக்குத் திரும்பறீங்க?'ன்னு கேக்கறான்" என்றார். அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். "நெப்ராஸ்காவுலதான் வீடு, சீக்கிரம் போயிருவேன்னு சொன்னேன்" என்றார்.

குழந்தை இப்போது நடக்க ஆரம்பித்திருக்கிறாள். அப்பா எங்கே என்றால் கைப்பேசியைக் காட்டுகிறாள். ரெய்னா இரண்டு வேலை பார்க்கிறாள். பாடுவதை விட்டுவிட்டாள்.

10. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன். இவை சலுகைகள் அல்ல.

அ) குடியேற்றத் துறையை அழைத்தது யார், யாருடைய உத்தரவின் பேரில் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தங்களுக்குத் தெரிந்தே நடந்தது என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

ஆ) சார்ஜென்ட் ஹாஸ் மீது வெளியார் ஒருவரைக் கொண்டு விசாரணை நடத்த வேண்டும்.

இ) எங்கள் மீதான இரண்டு வழக்குகளையும் திரும்பப் பெற வேண்டும்.

ஈ) நகரச் சுவரொட்டிகளிலிருந்தும் இணையப் பக்கத்திலிருந்தும் எங்கள் படத்தை எடுத்துவிட வேண்டும். நாங்கள் இந்த ஊரின் மனிதர்கள், அலங்காரப் பொருட்கள் அல்ல.

உ) எவரார்தோ குடும்பத்திடம் திரும்பி வர எங்கள் வழக்கறிஞர் போட்டிருக்கும் விண்ணப்பத்துக்கு, அவரை நன்கு அறிந்தவர் என்ற முறையில் தாங்கள் ஆதரவுக் கடிதம் தர வேண்டும்.

இதே விஷயமாக ஜூன் மாதமே தங்களுக்கு எழுதியிருந்தேன். பதிலாக வந்தது 'புதிதாக வந்தவர்களே, வருக!' என்று ஸ்பானிஷில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம். குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இம்முறை தயவுசெய்து ஆங்கிலத்திலேயே பதில் எழுதுங்கள், தங்கள் கையெழுத்தோடு. எனக்கும் ரெய்னாவுக்கும் ஆங்கிலம் நன்றாகப் படிக்க வரும். முதல் வகுப்பில் எங்கள் இருவருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் தங்கள் மனைவி, திருமதி க்ரூகர்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
இவ்வூர்க் குடிமகள்,

(ஒப்பம்) ஒதீலியா அரிஸ்பே

இடம்: கெல்னர்
நாள்: 18 ஆகஸ்ட் 2025