கணுக்காலில் விழுந்த சுருக்கம்

என்னங்க, ஒரு குரலுக்கே திரும்பிப் பார்க்கும் என் பிரியமானவரே,

நம் செல்வி இன்று நடந்தாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மொட்டை மாடியில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்தோம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மூட்டையோடு ஏணியில் இறங்கியவள் வழுக்கி, நேராகக் குதிகால் ஊன்ற விழுந்தாள். கணுக்காலுக்குச் சற்று மேலே கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நீங்களும் கிணற்று மேட்டில் விழுந்து அதே இடத்தில்தானே உடைத்துக்கொண்டீர்கள்? நாட்டுக் கட்டுப் போட்டதில் எலும்பு கூடியது, கணுக்கால் கோணிப்போனது. கடைசிவரை இழுத்து இழுத்துத்தான் நடந்தீர்கள். இவளுக்கும் அதுதானா? எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

திண்டிவனத்தில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா வயதில் செல்வியைவிடச் சின்னவர்தான். முழங்காலுக்குக் கீழே வரும் பெரிய எலும்பின் அடிநுனி, கணுக்கால்மேல் உட்காரும் இடம், அப்பளமாக நொறுங்கியிருப்பதைக் காட்டினார். வெளியிலிருந்தே கம்பிகளைச் செருகிக் காலை அசையாமல் நிறுத்தினார்கள். ஆபரேஷன் மட்டும் இப்போது இல்லை என்றுவிட்டார்.

"வீங்கின தோல்ல கத்தி வச்சா ஆறாதும்மா. வீக்கம் வடிஞ்சு தோலு சுருங்கட்டும். சுருக்கம் விழுந்தா பண்ணிடலாம்."

உங்கள் அண்ணனுக்குப் பொறுக்குமா? "என்னாம்மா இது, பேஜாரா கீது! கம்பிய குத்திட்டு சும்மா பாத்துக்கினு கீறாங்க. ஜல்தியா கெளம்பு, கட்டுப் போடறவரு வூட்டுக்கு இட்டுக்கினு போலாம். தம்பிக்கு எலும்பு கூடலியா?"

கட்டிலிலிருந்து செல்விதான் பதில் சொன்னாள். "கூடுச்சு பெரியப்பா. அப்பா நடந்தத பாத்தீங்க இல்ல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது எங்கள் இருவருக்கும் டீ வாங்கி வந்தார். மறுநாள் முதல் அவரும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து தோலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் தினமும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். தோல் பளபளவென்று விறைத்துக் கிடக்கும். பெற்ற பெண்ணுக்குச் சுருக்கம் விழவேண்டும் என்று மேல்மலையனூர் அம்மனிடம் வேண்டிக்கொண்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

ஒரு காலையில், ஆறின கேப்பைக் கூழின்மேல் படியும் ஆடையைப்போல மெல்லிய கோடுகள் தெரிந்தன. டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்து, "வந்துடுச்சும்மா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் தயார் என்று உடம்பே வாய்விட்டுச் சொல்லுமா? அதைக் கேட்கவும் மனுஷருக்குத் தெரிந்திருக்கிறதே! அந்த எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் உட்காரவைத்து, தகடு வைத்துத் திருகி முடித்தார்கள். எந்தக் கை இதையெல்லாம் செய்கிறது என்று இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

பல மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே விடவில்லை. இன்றுதான், எதையும் பிடிக்காமல், அறையிலிருந்து வாசல்வரை நடந்தாள். நான் பார்க்கவில்லை. அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து நீங்கள் தெருவில் வரும் சத்தம் கேட்டுத்தானே தட்டெடுத்து வைப்பேன்? அந்தச் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வரவில்லைங்க. மெதுவாக, இரண்டு காலும் ஒன்றுபோல வைத்து நடந்தாள். இனி குந்தி உட்கார முடியாது, குளிரில் வலிக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அப்படியென்றால் உங்கள் சத்தம் இந்த வீட்டில் இனி கேட்கவே கேட்காதா?

"ஏம்மா அழுவற? நல்லாத்தான நடக்கறேன்?"

"நல்லாத்தான் நடக்கற" என்றேன்.

அவளை இனி ஏணி ஏறவிட மாட்டேன், இது சத்தியம். உங்கள் நடை என் காதில் இருக்கும், நான் இருக்கிற வரைக்கும். அவள் காலுக்கு அது வேண்டாம்.

உங்கள் காலடி கேட்டுச் சோறு போட்ட மனைவி,
மங்கை