கார்டு போனால் போதும்

ஜூன் 9
மலையில் காற்று ஆரம்பித்துவிட்டது. மீட்டிங்கில் நான் பேசப் பேச நெட் அறுந்தது. மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த மாதமும் வேலை தேங்கினால் சேலம் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். இவர் மிளகையும் மரவள்ளியையும் அப்படியே போட்டுவிட்டு எங்கே வருவார்? கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள ஆளுக்கொரு ஊரா?

ஜூன் 11
டீம் லீட் ஜெசிந்தா அக்கா வழி சொன்னார். "கோட் எழுதுற ஏஐ ஏஜென்ட்டை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடவிட்டு, நம்ம டாஸ்க் ஆப்போட இணைச்சிரு. நீ போன்ல கார்டு போட்டாப் போதும், அது எடுத்துச் செய்யும்." வீடியோவுக்குத்தான் சிக்னல் பத்தாது. கார்டு என்பது செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் நாலு வரி எழுத்து, எப்படியும் போய்விடும்.

ஜூன் 13
இணைத்தாயிற்று. ஆனால் என் புத்தி — வீட்டு வேலைகளும் அதே ஆப்பில் கிடப்பதை மறந்து எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டேன். 'பேளுக்குறிச்சியில் மோட்டார் பெல்ட் வாங்கணும்' என்று இவர் போட்டிருந்த கார்டையும் எடுத்து, 'இதைக் கோடில் செய்ய முடியாது, யாராவது கடைக்குப் போக வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கிறது.

"ஏனம்மிணி, உன்ற ஆளு வேலையத் தட்டிக் கழிக்கிறானே" என்று இவருக்கு ஒரே சிரிப்பு. வீட்டுக் கார்டுகளைத் தனியே பிரித்தேன்.

ஜூன் 17
இது சிரிக்கிற தப்பு இல்லை. டெஸ்ட் ஓட்டாமலே ஒரு வேலையை 'முடிந்தது' என்று ஏஜென்ட் நகர்த்திவிட்டது. அக்கா கவனித்திருக்காவிட்டால் வாடிக்கையாளரிடம் போயிருக்கும். அவர் திட்டவே இல்லை. "முடிஞ்சதுன்னு சொல்றது நம்ம கையிலயே இருக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். இனி அது கார்டை 'சரிபார்க்க' என்ற கட்டம் வரைக்கும்தான் நகர்த்தும்.

ஜூன் 26
மழை. கரண்ட் இல்லை. இவர் நனைந்துகொண்டே என்னை பைக்கில் வாசலூர்பட்டி மேட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே சிக்னல் கிடைத்து கார்டு போனது. சாயங்காலம் மறுபடி போனால் வேலை முடிந்து எனக்காகக் காத்திருந்தது. எனக்குக் குடை பிடித்தபடி நின்றாரே, இந்த மனுஷனுக்கு நான் என்ன செய்யப்போறேன்?

ஜூலை 1
"வேலை தேங்கலை. அங்கயே இருங்க, கோகிலவாணி" — மேனேஜர். அழுதுவிட்டேன்.

ஜூலை 20
ஜெசிந்தா அக்கா போன் செய்தார். மணப்பாறையில் அவர் அப்பா படுத்த படுக்கை. "எனக்கும் அதே மாதிரி இணைச்சு, நான் வர்ற வரைக்கும் என் கார்டுகளையும் சரிபார்த்துத் தர்றியாம்மா? கேக்கவே கூச்சமா இருக்கு."
என்னிடம் கேட்க அக்காவுக்குக் கூச்சமா? "நீங்க மொதல்ல கெளம்புங்கக்கா" என்றேன்.

ஜூலை 23
அக்காவின் கார்டுகளைச் சரிபார்த்து முடித்தேன். மணப்பாறையிலிருந்து மெசேஜ்: 'அப்பா கண் விழிச்சு என் பேரைச் சொன்னார்.'