ரண்டர்ஸ் வீட்டுக்கு வரவேண்டிய வரிக்காசு

மார்ச் 30, திங்கள்

பக்கவாட்டில் அடிக்கும் மழை. குடை பிரயோசனமில்லை. ஓகூஸ் நிலையம் வரும் வரை ரயிலில் இருக்க இடமில்லை. நின்றபடி வாசிப்பு, ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப.

மதியம் வீட்டு முகவர் பெண்ணின் அழைப்பு. ரண்டர்ஸ் நகரத்தில் பார்த்த வாடகை வீடு எனக்குத்தான், அடுத்த வெள்ளி பத்தாம் திகதி மதியத்துக்குள் முற்பணம் கட்டினால். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு. ஓர் அறை, குசினி, ஆறு தெரியும் ஜன்னல் (கழுத்தை வளைத்தால்). வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு நடந்தே போகலாம்.

முற்பணத்தில் பாதி கையில். மறுபாதி, வரித்துறை திருப்பித் தரவேண்டிய வரிக்காசு. போன வருடம் முழுக்க இக்காஸ்டில் எங்கள் வீட்டிலிருந்து ரண்டர்ஸுக்கு வேலைக்குப் போய்வந்ததற்கான பயணக் கழிவு. ரயிலில் தொலைத்த நேரத்துக்கு அரசாங்கம் தருகிற காசில் ரயிலை விட்டுவிடப் போகிறேன். யாரிடமாவது சொல்லிச் சிரிக்க ஆசை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கலியாணம் கட்டாத மகள் தனியாக வீடு எடுத்தால் அம்மாவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்: எங்களோடு ஏதோ கோபம். காசு வரட்டும், முதலில் வீடு உறுதியாகட்டும், பிறகு சொல்லலாம்.

ஏப்ரல் 1, புதன்

வரித்துறை இணையத்தில் அதே வசனம்: ஏப்ரலில் அனுப்பப்படும். ஏப்ரல் நீளமான மாதம்.

நாளை முதல் ஈஸ்டர் விடுமுறை. இயேசு மூன்றாம் நாள் எழுந்தார். டென்மார்க் வங்கிகள் ஆறாம் நாள்.

சப்பாத்து நனைந்து நாறுகிறது. செய்தித்தாள் அடைத்து வைத்தேன்.

ஏப்ரல் 4, சனி

அப்பாவுடன் தமிழ்க் கடை. முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தங்களுக்குள் கதை.

"என்ன அண்ணை, வரிக்காசு வந்திட்டுதோ?"

"வாறதோ? எனக்குக் கட்டச் சொல்லியெல்லோ வந்திருக்கு."

"அப்ப எங்களுக்குத் தாறது நீங்கள்தான். நல்லாயிருங்கோ!"

அப்பா அரிசி மூட்டையைத் தோளில் வைத்தபடி, "நானும் அந்தக் கோஷ்டிதான். கட்டிக் கட்டியே கிழவனாகிட்டன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான், ஆனால் கொஞ்சம் பிந்தி.

நான் கறிவேப்பிலையை முகர்ந்துகொண்டு நின்றேன், காது கேட்காதவள் மாதிரி.

ஏப்ரல் 7, செவ்வாய்

வங்கி திறந்துவிட்டது. கணக்கைப் பார்த்த இடங்கள்: கட்டில், ரயில், ஆய்வுகூடக் கழிப்பறை, மறுபடி கழிப்பறை, ஓகூஸ் நிலையப் படிக்கட்டு. ஒன்றுமில்லை.

பக்கத்து மேசை பிர்கிட்டுக்குக் காலையிலேயே வந்துவிட்டதாம். "எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. நாளைக்கு வரும், பார்," என்றாள். காசு வந்தவர்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை.

ஏப்ரல் 8, புதன்

மதியம் இணையத்தில் வசனம் மாறியிருந்தது: அனுப்பப்பட்டது. என் கணக்கில் இல்லை. வழியில் இருக்கும் என்று நினைத்தேன். வழி என்ன வழி, இவர்கள் மாட்டுவண்டியிலா அனுப்புகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் குசினியில் அப்பா, வேலை உடுப்போடு. கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

"இருபத்தெட்டு வருஷம்! முதல் தரமா வரித்துறை எனக்குக் காசு போட்டிருக்கு."

"பிழையா வந்திருக்கும். பிறகு திருப்பிக் கேப்பாங்கள். தொடாதேங்கோ," என்றார் அம்மா.

"நீ ஒருத்தி. சனிக்கிழமை போய்க் கட்டில் எடுக்கிறம். உன்ர நாரி நோவுக்கு நல்ல மெத்தையோட."

பிறகு என்னிடமும் காட்டினார். தொகை என்னுடையது. கடைசிச் சில்லறை வரைக்கும்.

அப்போதுதான் விளங்கியது. பதினைந்து வயதில் வெதுப்பகத்தில் சனிக்கிழமை வேலை. அரசாங்கம் காசு போடுகிற கணக்கு என்று ஒன்று பதிய வேண்டும், நெம்கொன்டோ. அப்பா வங்கிக்குக் கூட்டிப்போய்த் தன் கணக்கையே பதிந்துவிட்டார்: "ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குப் போதும்." படிப்புக்கால உதவிப்பணமும் அதற்குத்தான் போனது. வேலை கிடைத்ததும் சம்பளத்துக்கு என் புதிய கணக்கைக் கொடுத்தேன். எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிட்டேன். மாற்றியது சம்பளத்தை மட்டும்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா விபோர்க்கில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். "ஓமடா, எனக்குத்தான்! உனக்கு வந்ததோ? வரேல்லையோ? சரி, ஒருநாள் வரும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தார்?

தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். சீனி போட மறந்தது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

வெயில். யாருக்கு வேண்டும்.

முகவருக்குத் தொலைபேசி: திங்கள் வரை பொறுக்க முடியுமா? முடியாது, அடுத்தவர் காத்திருக்கிறார். வங்கிக் கடன்: விண்ணப்பித்தால் அடுத்த கிழமைதான் பதில். பிர்கிட்டிடம் கேட்கலாம், வாய் வரவில்லை.

வீட்டை விட்டுவிடலாம். இதுதான் மிகச் சுலபம். யாருக்கும் ஒன்றும் தெரியவராது. அப்பாவுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது, அம்மாவுக்குக் கட்டில், எனக்கு ரயில். இன்னும் ஐந்து வருடம், பத்து வருடம்.

மதியம் இரத்த மாதிரிக் குழாய் ஒன்றில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். அனுப்பும் முன்பே கண்டுபிடித்தேன். இப்படியே போனால் யாரோ ஒருவருடைய இரத்தத்துக்கு வேறு யாருடையவோ வியாதி.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். இது உங்கள் காசு இல்லை. நான் போகிறேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

தூறல். வழக்கம்போல அப்பா தன் வேலைக்குப் போகும் வழியில் என்னை நிலையத்துக்குக் கொண்டுவந்தார். வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தியதும் சொன்னேன், டேனிஷில். அந்தக் காசு என்னுடையது, ரண்டர்ஸில் வீடு எடுக்கிறேன், மதியத்துக்குள் கட்ட வேண்டும். தமிழில் என்றால் முன்னுரை வேண்டும். டேனிஷில் மூன்று வசனம் போதும்.

அப்பா கண்ணாடித் துடைப்பானை நிறுத்தினார்.

"தமிழில சொல்லு."

"அப்பா, அது என்ர வரிக்காசு. உங்கட கணக்குக்கு வந்திட்டுது. நான் ரண்டர்ஸில தனிய இருக்கப் போறன்."

"எங்களோட என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. களைப்பாக் கிடக்கு அப்பா."

கண்ணாடி முழுக்க மழைத்துளி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். "உன்ர கணக்கு நம்பரைச் சொல்லு." கைபேசியில் ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினார். இரண்டு தரம் பிழைத்தது, திரும்ப முதலிலிருந்து. என் ரயில் வந்து போகும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காசு அந்தக் கணமே வந்தது.

"சித்தப்பாட்டச் சொல்லிப்போட்டன்," என்றார். "அது எனக்கு வந்ததாவே இருக்கட்டும்."

"ஓம் அப்பா."

"கட்டில் எடுக்கிறது எடுக்கிறதுதான்."

"ஓம்."

"அம்மாட்ட நான் கதைக்க மாட்டன். அது உன்ர அலுவல். இறங்கு, எனக்கு வேலைக்கு நேரமாகுது."

மேடையில் நின்றே முற்பணம் கட்டினேன். விரல் விறைத்து, தொடுதிரை கேட்கவில்லை. வீட்டுத் திறப்பு கைக்கு வருவது மே முதலாம் திகதி.

பின்னேரம். அப்பா இன்னும் வரவில்லை, மேலதிக நேர வேலையாம். அம்மா அளவு நாடாவோடு படுக்கையறைக்குள் நிற்கிறார்.

"பிள்ளை, இஞ்ச வந்து ஒரு பக்கம் பிடி. கட்டில் கொள்ளுமோ எண்டு பாப்பம்."

போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும்.