கொடியைக் கொடுத்துவிடு

அன்பு மகள் தமிழரசிக்கு, புதூர்நாட்டிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம், அங்கே டெல்லியில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைக்கிற அந்தப் பெரிய மனுஷரும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் டவர் கிடைக்கிற பாறை மேல் எப்பவும் நாலு பேர் நிற்கிறார்கள், பிரசவப் பேச்சை அவர்கள் காதில் போட எனக்குக் கூச்சம். சாமை அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது. உன் அம்மா போன பிறகு ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, மூன்று பேருக்கு வடித்துவிட்டு மறுநாளும் அதையே தின்கிறேன், உடம்பு மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி தளதளவென்று இருக்கிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியையும் அதிலிருக்கிற ரத்தத்தையும் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள், நம் வழக்கப்படி சொந்த மண்ணில் புதைக்காமல் கொடுக்கலாமா என்றாய். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே நோயை விரட்டுகிற காவல்கார அணுக்கள் அதன் ஈரலில் உண்டாகி, நெஞ்சுக்குள் ஒரு இடத்துக்குப் போய், தன் உடம்பு எது வெளியாள் எது என்று பாடம் படிக்கும், சரியாகப் படிக்காததை அங்கேயே கழித்துவிடும் என்றாய். என்னையும் அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் அப்படித்தான் கழித்தார். ஆனால் அம்மாவிடமிருந்து வருகிற அணுக்களைப் பிள்ளையின் காவல்காரர்கள் விரட்டாமல் தங்க விடுவார்கள், அதில் சிலது பிள்ளை வளர்ந்த பிறகும் உள்ளேயே இருக்கும் என்றாய் பார், அப்படியென்றால் உன் அம்மாவும் கொஞ்சம் உனக்குள் இருக்கிறாள். நான் தினமும் அவளைப் புதைத்த மேட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவள் என்னை ஏமாற்றிவிட்டு உன்னோடு டெல்லி பார்க்கப் போயிருக்கிறாள்.

உன் அத்தை வெள்ளையம்மாள் விஷயம் தெரிந்து குதித்தாள். இன்னாடா நீ, கொடிய ஊரான் கையில குடுத்துட்டா புள்ளைக்கு நம்ம மண்ணு எப்படிரா தெரியும், வாங்கியாந்து வூட்டாண்ட பொதைக்கச் சொல்லு என்றாள். தமிழரசி கொடிய நான்தானே ஆட்டுக் கொட்டாய்க்குப் பின்னால பொதைச்சேன், அவ இப்ப எங்க இருக்கா சொல்லுக்கா என்றேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று சிரித்த நானும் அப்புறம் கொட்டாய்க்குப் பின்னால் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால் கொடுத்துவிடு. காவல்காரர்கள் சரியாக அமையாமல் நோயில் கிடக்கிற பிள்ளைகளுக்கு என்றைக்காவது உதவும் என்றாயே, அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு அப்பன் இருப்பான். மண்ணில் எதைப் புதைத்தும் ஆளைப் பிடித்து வைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துபோச்சு. அத்தையை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, துணி துவைக்க மாப்பிள்ளையை விடு, அவருக்கும் கொஞ்சம் இடுப்பு வலிக்கட்டும். குலசாமி உங்கள் மூன்று பேருக்கும் காவல் நிற்கும். பிள்ளைக்குத் தலை நின்றதும் ஒரு தடவை தூக்கிக்கொண்டு வா. என்னைப் பார்த்து வெளியாள் என்று வீறிட்டு அழும். அழட்டும், பழகுகிறவரைக்கும் இருந்துவிட்டுப் போ.

உன் அப்பன்,
துரைக்கண்ணு