வெயிட் பண்ற நாத்து

5-8-2003, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். படப்பையில் என் விதைக் கடைக்கு நெல் வந்தது. நூற்றைந்து நாள் ரகம், நாற்பது மூட்டை. சுமை ஆள் ஒருவன்தான். இன்னொருவன் ஒரகடத்தில் செக்யூரிட்டி ஆகிவிட்டான். பாதி மூட்டை என் முதுகில்.

பிற்பகல் வேளாண் அதிகாரி கூட்டம். 'விவசாயிக்கு ஏற்ற விதை.' பேனர், போண்டா, ஒரு படிவம். அதிக மகசூலா, குறைந்த நாளா, பூச்சி தாங்குவதா, டிக் அடிக்க வேண்டும்.

கன்னியம்மாள் எழுந்தாள். ஏரிக்குக் கீழே நிலம் இரண்டு ஏக்கர், வாய் நான்கு ஏக்கர்.

"சார், எங்களுக்கு வெயிட் பண்ற நாத்து வோணும்."

"அப்படின்னா?"

"நடவு பொம்பளைங்கள கம்பெனி வேன்ல இட்டுக்கினு பூடறான். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஆளு. நாத்து நாப்பத்தஞ்சு நாளானாலும் முத்தாம நிக்கணும். நீ குடுக்கறத லேட்டா நட்டா, சாண் ஒசரத்துலயே கதிரு வுடுது."

அதிகாரி 'இதர' கட்டத்தில் ஏதோ கிறுக்கினார். அந்தக் கட்டத்தை எவனும் படிப்பதில்லை.

அவள் சொன்னது சரி. போன வருஷம் அந்த நெல்லை விற்றவன் நான். அதனால்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

7-8, வியாழன்
மழை இல்லை. விற்றது இரண்டு மூட்டை. ஒன்று திரும்பி வந்தது.

விசாரித்தேன். எல்லோரும் கன்னியம்மாள் வீட்டுக்குப் போகிறார்களாம். அவளிடம் நூற்றைம்பது நாளில் விளையும் பழைய ரக நெல். நாற்று எத்தனை நாளும் பொறுக்குமாம். 'பொறுமைக்காரி' என்று ஊர் வைத்த பெயர். நெல்லுக்குத்தான், அவளுக்கு வைத்தால் நாய் சிரிக்கும்.

லைசென்ஸ் நான் எடுப்பேன், விதை அவள் விற்பாளா? வேளாண் ஆபீசுக்கு போன் போட்டுச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

11-8, திங்கள்
விதை ஆய்வாளர் வந்தார். அவள் வீட்டு எதிர் டீக்கடையில் நின்று பார்த்தேன்.

"விக்கலியே சார், மாத்திக்கிறோம். அவங்க கயனி நெல்லு ஒரு மரக்கா, நம்ம வெத ஒரு மரக்கா. இதுக்கு இன்னா கேஸு?"

மோர் குடித்துவிட்டுப் போனார், வெட்கம் கெட்டவர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா அண்ணே, போன் பண்ண வாய்க்கு டீ எறங்கலியா?"

டீக்கடையே சிரித்தது. கடன்காரி.

13-8, புதன்
லேசான தூறல். ஆடி முடிவதற்குள் நாற்று விட வேண்டும். கடையில் முப்பத்தொன்பது மூட்டை அசையாமல். வருகிறவன் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "வெயிட் பண்ற நாத்து கீதா?" இருபத்திரண்டு வருஷக் கடை. இந்த ஆடிப் பட்டத்தில் போனவன் அடுத்த பட்டத்துக்குத் திரும்ப மாட்டான்.

வெட்கத்தை விட்டு அவள் வாசலில் நின்றேன். என்ன விலையானாலும் பத்து மூட்டை என்றேன்.

"வெலைக்கா? அப்பறம் நீயே போன் போடுவ. மாத்திக்கினு போ."

"சரி. நாளைக்கே நெல்லு எறக்கறேன்."

"மண்டி நெல்லு ஆவாது அண்ணே. எல்லாருக்கும் ஒரே ரூலு. உன் கயனில வெளஞ்சத கொண்டா."

தெரிந்தேதான் கேட்டாள். என் கழனியில் இப்போது பதினாறு வாடகை ரூம், நானே கட்டியது. இருங்காட்டுக்கோட்டை கம்பெனிக்கு ஷிப்டு போகும் தெற்கத்திப் பையன்கள். அங்கே விளைவது யூனிஃபார்ம்தான், கொடி கொடியாக.