கழன்று வராத மீசை

அண்ணே,

நேற்றுக் கடையில் செருப்பு ஒட்டுகிற சப்பாத்துப் பசை டின்னைத் திறந்து காட்டப்போய் என் விரல்கள் ரெண்டு ஒட்டிக்கொண்டன. வாங்க வந்த டீச்சரம்மாவிடம் அந்தக் கையாலேயே மிச்சக் காசை நீட்டினேன். "என்னங்க, ஆசீர்வாதம் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடுகண்ணாவைச் சந்தியில் மரியாதையாகக் கடை நடத்துகிறவன் நான். வெட்கம் போன பிறகும் பசை வாடை போகவில்லை. அந்த வாடைக்கு உங்கள் ஞாபகம்தான் வரும்.

உலகத்துப் பழைய நாடகங்களையெல்லாம் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தவர் நீங்கள். உங்கள் கைபட்டால் அரசவை, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களமாகிவிடும். மந்திரி கணக்கப்பிள்ளையாவார். சக்கரவர்த்தி பெரிய கங்காணி. மற்ற ராஜாக்கள் "யாரங்கே?" என்று கேட்டால் உங்கள் ராஜா "எவன்டா அங்க?" என்பார். எழுதுவதும் நீங்கள், ராஜாவும் நீங்கள். ஓ.எல். பரீட்சையில் தமிழிலேயே கோட்டைவிட்ட எனக்கே கதை விளங்கியது. கடைசிக் காட்சியில் எல்லாம் இழந்த ராஜா தன் மீசையைப் பிய்த்து எறிவார். அதைப் பார்க்கவே சனம் வரும்.

பிறகு உங்கள் தொண்டையில் வருத்தம் வந்து குரல் அடைத்தது. ஒருநாள் என் கடைக் கதிரையில் உட்கார்ந்து, காற்று மட்டும் வருகிற குரலில் சொன்னீர்கள்.

"ஒங்க மகளக் குடுங்க, நாடகத்துக்கு."

"ராணி வேஷமாண்ணே?"

"ராஜா."

நிறுத்துக்கொண்டிருந்த பருப்பு கொட்டியது. "பொம்பளப் புள்ளைக்கு மீசையா? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"ரெண்டு பேருல ஒருத்தருக்காவது மீச இருக்கேன்னு சொல்லுவாங்க."

சிரித்தீர்கள், இருமினீர்கள். பிறகு சொன்னீர்கள்: "அம்பிட்டியாவுல ஒத்திகைக்கு வந்து வந்து, நான் மறந்த வசனத்த எடுத்துக்குடுக்கிறதே அவதான். அவ இல்லாட்டி இந்த நாடகம் என்னோட முடிஞ்சிரும்."

கொட்டிய பருப்பை அள்ளிக்கொண்டே சரி என்றேன்.

கண்டி மண்டபத்தில் நாடகத்தன்று மேக்கப்காரரின் பசை காய்ந்துபோயிருந்தது. கடைக்கென்று வாங்கிய சப்பாத்துப் பசை என் பையில் இருந்தது. பெரிய உதவி செய்கிற நினைப்பில் நானே ஒட்டிவிட்டேன்.

முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அவள் பேசப்பேச உங்கள் உதடும் அசைந்தது. கடைசிக் காட்சியில் மீசையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொருதரம் இழுத்தாள். உதடு வந்தது, மீசை வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் கதிரைக்குக் கீழே போக இடம் பார்த்தேன். அவள் கையைக் கீழே விட்டு, சனத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாரும் போயிட்டாங்க. இது மட்டும் போக மாட்டேங்குது."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அவள் மீசையைத் தடவிக்கொண்டே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. உங்கள் உதடு அதற்கு முன்பே நின்றிருந்தது.

"இத நான் எழுதல்லியே," என்றீர்கள்.

பஸ் வரைக்கும் எங்களோடு வந்தீர்கள். மீசை அப்போதும் வரவில்லை. கண்டக்டர் அவளைப் பார்த்து, "மல்லி, இஸ்ஸரஹட்ட யன்ன," என்றார். சிங்களத்தில், தம்பி, முன்னுக்குப் போ என்று. அவளும் தம்பியாகவே முன்னுக்குப் போனாள். நீங்கள் என் யன்னலுக்குக் கீழே நின்று, "எப்படி?" என்று கேட்டீர்கள். ஆயுள் முழுக்க அந்த ராஜாவாக நின்றவர், சில்லறைக் கடைக்காரனின் பதிலுக்காகக் காத்துநின்றீர்கள்.

"பின்வரிசை வரைக்கும் கேட்டுச்சுண்ணே," என்றேன். பஸ்ஸை எடுத்துவிட்டார்கள்.

பிறகு உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தும் மழையையும் பருப்பு விலையையும்தான் பேசினேன். அவள் இப்போது உங்கள் ராஜாவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். நான் போகிற இடமெல்லாம் ஒரு வசனத்தைக் கொண்டுபோகிறேன். சொன்னால் உங்களுக்கு நோகும் என்று அன்றைக்கு விழுங்கினேன். நீங்கள் கேட்க நின்றதே அதைத்தானோ என்னவோ.

அண்ணே, அவ ஒங்கள விட நல்லா செஞ்சா.