வெறுங்காலில் டிரம்ஸ்

திருவனந்தபுரம்,
9-12-2005

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. பாத்திரக் கடை வேலை பழகிவிட்டது.

கரமனையில் காலேஜ் பையன்களின் பாப் பங்க் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன் என்று எழுதியிருந்தேனே. நம் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டைவிட வேகமான பாட்டு. முதல் நாள், சர்ச்சில் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். சிரித்தார்கள். பிறகு அதுவே ஸ்டைல் என்று எல்லோரும் வெறுங்காலோடு வாசிக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

போன சனிக்கிழமை நிகழ்ச்சி. நான் போனபோது என் இடத்தில் அவர்கள் காலேஜ் பையன் ஒருவன் இருந்தான். பாடுகிற நிகில் என் தோளில் கைபோட்டு, “அடுத்த புரோகிராம் நீ தன்னே, கேட்டோ” என்றான். அடுத்த நிகழ்ச்சிக்கு நான்தானாம். பரவாயில்லை அம்மா, கூட்டத்தில் முன்னால் நின்றே கேட்டேன். அவன் நன்றாகத்தான் வாசித்தான்.

டிரம்ஸ் குச்சிகள் கேட்டிருந்தேன், இப்போது வேண்டாம். மாங்காய் ஊறுகாய் மட்டும் இங்கே வரும் சஜி அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு நம் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்க ஆள் பார்த்தாயிற்றா?

கடை திறக்க நேரமாகிவிட்டது. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தப் புதுப் பையனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

உங்கள்
ஷிபின்